காத்திருக்கும் நேரமும் கணக்கில் வரட்டும்!

மூக்கண்டப்பள்ளி, சிப்காட், ஜூஜூவாடி என ஓசூர் எல்லையில் கடையோ குடோனோ நடத்தும் நம் அனைவரின் பிழைப்பும் லாரியை நம்பியே இருக்கிறது. ஆனால், டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதை மின்னணுக் கருவியால் பதிய வேண்டும் என்றால் மட்டும், "இன்னொரு செலவா?" என்று முகம் சுளிக்கிறோம். வணிகப் பெருமக்கள் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரக் கட்டுப்பாடு புதிதல்ல. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. நெடுந்தூரத் தடங்களுக்கு 10 மணி, 54 மணி வரை இடம் கொடுத்தது. அது ஏட்டோடு நின்றது. வண்டி வேறு கணக்கில் ஓடியது. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியும் லாரி டிரைவர்களுக்கு நேர வரம்பு வேண்டும் என்றார்.

ஜி.பி.எஸ். போதாதா எனக் கேட்கலாம். அது வண்டி நிற்கும் இடத்தைச் சொல்லும். ஓட்டுவது யார் என்று சொல்லாது. ஐரோப்பாவில் 2006 முதல் புதிய லாரிகளில் வரும் டிஜிட்டல் பதிவுக் கருவியில் டிரைவர் தம் அட்டையைச் செருகி ஓட்டுகிறார். நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்பது அங்கே விதி.

ஆனால், டிரைவரின் தூக்கம் சாலையில் மட்டும் கெடுவதில்லை. காலையில் வந்த லாரியை மாலை வரை குடோன் வாசலில் நிறுத்திவிட்டு, "விடியுமுன் சேலத்தில் சரக்கு இறங்க வேண்டும்" என்று விரட்டுவது சரக்குதாரர்தானே? பகலெல்லாம் காத்துக்கிடந்தவர் நள்ளிரவில் தொப்பூர் கணவாயில் இறங்குகிறார். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகள் நாம் அறியாததல்ல.

எனவே கருவியை வரவேற்போம். சில நிபந்தனைகளோடு வரவேற்போம். ஓட்டிய நேரத்துடன் லோடு ஏற்ற, இறக்கக் காத்திருந்த நேரமும் பதிவாக வேண்டும். குறித்த நேரம் தாண்டினால் காத்திருப்புக் கூலியைச் சரக்குதாரரே தர வேண்டும். ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவருக்குக் கருவி வாங்க அரசு உதவ வேண்டும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி நிறுத்தவும், குளிக்கவும், படுக்கவும் போதிய இடம் வேண்டும். இவையின்றி வந்தால், அது அபராதம் வசூலிக்கும் இயந்திரமாகவே முடியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு குடோனிலும் லாரி வந்த நேரம், புறப்பட்ட நேரம் என இரண்டே பத்தி கொண்ட ஒரு நோட்டைப் போடுவோம். நாள் தாமதித்த சரக்கை மறுநாளும் விற்கலாம். போன உயிரை எந்த இன்சூரன்ஸும் திருப்பித் தராது.