போல்டர் திறக்கத் தாமதமா? பார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி ஓர் ஆண்டு ஆவதற்குள் பலர் சொல்லத் தொடங்கும் புகார் இது. "டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பைல்கள் வந்து சேர ஒரு நிமிடம் ஆகிறது." இதற்கு உடனே இரண்டு ஆலோசனைகள் கிடைக்கும். ஒன்று, ராம் போதாது, கூடுதலாக வாங்கிப் போடுங்கள். மற்றொன்று, வைரஸாக இருக்கும், பார்மட் செய்துவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை என்பேன். ராம் வாங்கினால் பணம்தான் போகும். காப்பி எடுக்காமல் பார்மட் செய்தால் போவது திரும்பி வராது.

அன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அரசுத் தளத்திலிருந்து இறக்கிய சிட்டா, வில்லங்கச் சான்று, பையனின் மார்க் ஷீட், வாட்ஸ் அப்பில் வந்த வீடியோக்கள். ஸ்டுடியோவில் பென் டிரைவில் வாங்கி அப்படியே காப்பி செய்த காது குத்து, எழுதிங்கள் சீர், கல்யாணப் படங்கள். எல்லாம் ஒரே போல்டரில் கிடக்கும். தாமதத்தின் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

விண்டோஸ் ஒவ்வொரு போல்டரையும் பார்த்து, இது படங்களுக்கானது, இது பாட்டுகளுக்கானது என்று தானே ஒரு முடிவுக்கு வருகிறது. படங்கள் நிறைய இருந்தால் அது பிக்சர்ஸ் போல்டர். அதன் பின் படம் எடுத்த தேதி போன்ற தகவல்களைக் காட்ட முயல்கிறது. அந்தத் தேதி படத்தின் பைலுக்குள் இருக்கிறது. அதை வைத்து வரிசைப்படுத்த வேண்டுமானால், ஒவ்வொரு பைலையும் திறந்து படித்தாக வேண்டும். பழைய வகை லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். ஒரு பைலைத் தேடிப் பிடிக்கச் சுமார் 15 மில்லி செகண்ட் என்று வைத்துக் கொண்டால், 3,000 படங்களுக்கு 45 விநாடி. நீங்கள் தேடுவதோ ஒரே ஒரு சிட்டா! நம்மைக் கேட்காமல் இப்படி முடிவெடுப்பது மைக்ரோசாப்ட் செய்யும் தேவையற்ற உபகாரம்.

இதனை மாற்றுவது எளிது. அந்த போல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் கஸ்டமைஸ் டேபைக் கிளிக் செய்திடுங்கள். "ஆப்டிமைஸ் திஸ் போல்டர் பார்" என்பதன் கீழ் ஜெனரல் ஐட்டம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். போல்டரை மீண்டும் திறந்து, வியூ மெனுவில் டீட்டெய்ல்ஸ் வைத்திடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் இதுவே போதும்.

சிறு படங்களாகக் காட்டும் தம்ப்நெய்ல் வசதியையே நிறுத்திவிடச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேத்தியின் படத்தை அப்பத்தா தேடும்போது பைல் பெயரா பார்ப்பார்? படங்களை வருடவாரியாக, விசேஷவாரியாகத் தனித்தனி போல்டர்களில் பிரித்து வைப்பதே நல்லது. "கம்ப்யூட்டரை வேகமாக்கும்" கிளீனர் புரோகிராம்களையும் கவனித்துப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் ஒருமுறை தயாரித்த தம்ப்நெய்ல்களைச் சேமித்து வைக்கிறது. எக்ஸ்பி காலத்தில் இவை அந்தந்த போல்டரிலேயே தம்ஸ்.டிபி என்ற பைலாக இருந்தன. அதை வைரஸ் என்று அழித்தவர்கள் உண்டு! விஸ்டாவிலிருந்து பொதுவான ஓரிடத்தில் சேமிக்கப்படுகின்றன. கிளீனர் இவற்றை அழித்துவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது மீண்டும் முதலிலிருந்து தயாரிக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் தாமதத்தைக் கண்டு பயப்பட வேண்டும். பத்தே பைல் உள்ள போல்டரும் திணறுகிறது, காப்பி செய்யும்போது பாதியில் நிற்கிறது, டிஸ்க்கில் கட கட சத்தம் வருகிறது என்றால், ஹார்ட் டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருக்கலாம். 2011ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த இலவச லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராம் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லிவிடும். அதில் குட் என்பதற்குப் பதிலாகக் காஷன் அல்லது பேட் என்று வந்தால், வேறு எதையும் முயற்சிக்காமல் முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு டிஸ்க்கிற்குக் காப்பி செய்திடுங்கள். சத்தி ரோட்டில் பஸ் ஏறி காந்திபுரம் கடைக்குக் கொண்டு போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.