தொட்டி மீனும் மருந்துப் புட்டியும்

கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன் சோர்வுற்றவுடன் மருந்து வாங்கி நீரில் ஊற்றுவது பலருக்கு வழக்கமாயுளது. இவ்வழக்கம் விடத்தக்கது.

மீன்கள் யாவும் நீரின் மேல்மட்டத்திற்கு வந்து மூச்சுத் திணறுமாயின், முதற்கண் ஐயுறத்தக்கது நீரேயாம். எஞ்சிய தீனியும் கழிவும் அழுகுவதால் அம்மோனியா உண்டாகிச் செவுள்களைப் புண்ணாக்கும். அந்நஞ்சை மாற்றும் நற்கிருமிகள் வடிகட்டியில் வாழ்கின்றன. கிருமிநாசினியை ஊற்றினால் அவையும் மடிந்து, நஞ்சு மேலும் பெருகக்கூடும். ஆகையால் தீனியை நிறுத்தி, நான்கில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீங்கியதும் அதே சூடுள்ளதுமான புதுநீரை விடுதலே முதற் சிகிச்சை.

உடலிலும் துடுப்பிலும் உப்புப் பரல் போன்ற புள்ளிகள் தோன்றின், அது வெண்புள்ளி நோயாதல் கூடும். இதற்கு மருந்து அவசியமே. ஆயினும் தோலினுள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தாக்காது. அது வெளிவந்து நீரில் நீந்தும் பருவத்திலேயே மடியும். 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அதன் வாழ்க்கைச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரம். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவோர் ஏமாறுவது இதனாலேயே.

சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்கட்கு ஒரு தொட்டியின் நோய் உழைப்பின் பலனையே அழிப்பதாகும். புதுமீனை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்தலும், ஒரு தொட்டியின் வலையை மற்றொன்றில் இடாமையும் மிகுந்த செலவு வேண்டாதவை. புட்டியைத் திறக்குமுன் நீரைச் சோதிப்பவரே மீனைக் காப்பவராவர்.