தாகமில்லாத செடிக்குத் தண்ணீர்

நம் இல்லத்து முன்னறையில், கிழக்குச் சன்னலை ஒட்டி ஓர் ஆந்தூரியச் செடி இருக்கிறது. ஏற்காட்டு மலர்க் கண்காட்சிக்குச் சென்று திரும்பிய உறவினர் ஒருவர், கைக்குழந்தையைப் போல் மடியில் ஏந்திவந்து நம் தாயாரிடம் தந்தது அது. தாயாருக்கு வயது 83. தோட்டமும் கிணறுமாக இருந்த ஊர் வீட்டை விட்டு, மாடிக் குடியிருப்புக்கு வந்தபின் அவர் கையால் வளர்க்கும் செடி இது ஒன்றே. ஆண்டுதோறும் பங்குத் திருநாளுக்குத் தம் தோட்டத்துப் பூவைப் பீடத்திற்குக் கொடுத்துப் பழகியவர். ஆந்தூரியப் பூ கொய்தபின்னும் இரண்டு மூன்று வாரம் வாடாமல் நிற்கும் என்று அறிந்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சி சொல்லத் தரமன்று.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது அச்செடி துவண்டது. அடியிலைகள் மஞ்சளாயின, எஞ்சியவை தலை கவிழ்ந்தன. "பாவம், தண்ணீர் போதவில்லை" என்று இரங்கிய தாயார், காலையில் ஒரு செம்பு ஊற்றியதோடு நில்லாமல் மாலையிலும் ஒரு செம்பு ஊற்றலானார். செடி மேலும் துவண்டது. நாமும் அவர் சொன்னதே சரியென்று சில நாட்கள் வாளாவிருந்தோம். பிறகு ஒருநாள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தோம், கல்லாய்க் கனத்தது. அடித்தட்டில் விரற்கடை உயரத்திற்கு நீர் தேங்கி, நாற்றமும் வீசியது. செடி தாகத்தால் வாடவில்லை. நீரில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது!

இங்கே இச்செடியின் பிறப்பிடத்தைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவில் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் மேற்கு மலைச்சரிவுகளே இதன் தாயகம். எதுவார் அந்திரே என்னும் பிரெஞ்சுக்காரர் 1876-இல் கொலம்பியாவில் இதனைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் பெயரையே தாவர நூலார் இதற்கு இட்டனர். ஆந்தூரியம் என்பதோ 'பூவால்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். நாம் பூ என்று போற்றும் செம்மடல் உண்மையில் உருமாறிய ஓர் இலையே. அதன் நடுவே வால்போல் நீளும் கதிரில் நெருங்கி அமர்ந்திருக்கும் நுண்ணிய புள்ளிகளே மலர்கள்.

அம்மலைக் காடுகளில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் இச்செடி மரக்கிளைகளைப் பற்றியும், சருகு மண்டிய பொலபொலப்பான நிலத்திலும் வாழ்வது. பெய்த மழை வேரை நனைத்துவிட்டு உடனே வடிந்து போகும். அதன் தடித்த வேர்களுக்குப் பஞ்சு போன்ற மேலுறை உண்டு. அது வந்த நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னர் காற்றையும் நுகரும். ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும் வேர் அது. அதனைக் களிமண்ணில் புதைத்து நாள்தோறும் நீர் ஊற்றினால் மண்ணிடையே உள்ள காற்றெல்லாம் வெளியேறிவிடும். மூச்சற்ற வேரைப் பூஞ்சணங்கள் பற்றி அழுகச் செய்யும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. எனவே காலடியில் நீர் தளும்பும்போதே இலை வாடுகிறது. வாடிய இலையைக் கண்டு நாம் மேலும் ஊற்றுகிறோம். வீட்டுச் செடிகளில் பெரும்பாலானவை மடிவது இப்படித்தான். வறட்சியால் மடிபவை குறைவே.

ஆகவே இலை வாடினால் செம்பை எடுக்கும் முன் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் காய்ந்து இலை வாடினால் தாகம். மண் ஈரமாயிருந்தும் இலை வாடினால் வேர் நோய்.

நாம் செடியைக் கவிழ்த்து எடுத்தோம். நலமான வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். பழுத்துக் குழைந்திருந்த வேர்களைத் தூய கத்தியால் அரிந்து நீக்கினோம். பாதிக்குமேல் போய்விட்டன. எஞ்சியதைப் புதிய கலவையில் நட்டோம்: தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, செங்கற்சல்லி, சிறிது மக்கிய இலையுரம். மட்டைத் துண்டுகளில் இயல்பாகவே உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டியும் வேருக்கு ஏற்ற அளவாக இருத்தல் நலம். பெரிய தொட்டி தாராளம் என்று எண்ணுவோர் உண்டு. அதில் வேர் எட்டாத பகுதியெல்லாம் ஈரம் தேங்கும்.

இனி நீர் ஊற்றும் முறை. மேற்பரப்பில் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பின்னரே ஊற்ற வேண்டும். அப்போது அரைகுறையாக ஊற்றாமல், அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்துத் தட்டில் தங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பீர்கள். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாகலாம், அடைமழைக் காலத்தில் வாரம் ஒருமுறையே போதும் என்றாகலாம். ஆயினும் நாட்காட்டியை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். கலவை முற்றிலும் உலர்ந்துபோனால் ஊற்றிய நீர் ஒட்டாமல் ஓடிவிடும். அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் கால்மணி நேரம் அமிழ்த்தி எடுத்து வடியவிடலாம்.

நீரின் தன்மையும் கருதத்தக்கது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றிவந்தால் இலைநுனிகள் கருகும். குடிநீரைச் சுத்திகரிக்கும் கருவி கழித்துவிடும் நீரைச் சிலர் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுகின்றனர். உப்பெல்லாம் திரண்டு வெளியேறும் நீரல்லவா அது? வீடு துடைக்க அதனை வைத்துக்கொள்ளலாம். ஆந்தூரியத்திற்கு மழைநீரே அமுதம். முதல் மழை மாடித் தூசியைக் கழுவிச் சென்றபின் குடம் குடமாகப் பிடித்து மூடி வைத்துக்கொள்வது நம் வழக்கம். அது தீர்ந்த காலத்தில் மாதம் ஒருமுறையேனும் கிடைத்த நல்ல நீரை நிறைய ஊற்றி வடியவிட்டு, சேர்ந்த உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். காலையில் ஊற்றுவதும் இலைமேல் படாமல் வேரடியில் ஊற்றுவதும் நன்று. இச்செடியைத் தாக்கும் பாக்டீரியக் கருகல் நோய் தெறிக்கும் நீரில் பரவுவது. 1980-களில் அவாய்த் தீவுகளின் ஆந்தூரியத் தோட்டங்களைப் பெரிதும் பாழாக்கியது அந்நோயே. இலைத் தூசியை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு ஒரு சொல். சேம்பும் கருணையும் இதன் உறவுகள். கருணை நாவை அரிக்கச் செய்வது எதனாலோ, அதே ஊசி போன்ற நுண்படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. மழலைகள் கடித்துவிடாதபடி எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தபின்னும் நமக்கு ஒரு சங்கடம் எஞ்சியிருந்தது. "அம்மா, இனி நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? முழங்கால் வலியோடு அடுக்களை போகவும் முடியாதவருக்கு, நாளின் தொடக்கத்தில் ஒரு செம்பு நீர் ஊற்றுவது ஒன்றே தமது என்று இருந்த வேலை. ஒளித்து வைத்தால் செம்பைத் தேடுவார். இல்லத்தரசியார்தாம் வழி கண்டார். "அத்தை, தண்ணீர் நான் எடுத்துத் தருகிறேன். ஆனால் எனக்கு ஈரம் பார்க்கத் தெரியவில்லை. உங்கள் விரலுக்குத்தான் தெரியும். ஊற்றலாமா, வேண்டாமா என்று நீங்கள் சொன்னால்தான் ஆயிற்று" என்றார். நெல் காய்ந்த பதத்தை விரலால் அறிந்தவர் அல்லவா! அன்று முதல் காலை செபம் முடிந்ததும் தாயார் சுட்டுவிரலைத் தொட்டியில் நுழைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். நாம் ஒருநாள் மறந்து ஊற்றப்போக, நமக்குக் கிடைத்த கண்டிப்பை இங்கே எழுதுவதற்கில்லை.

புதிய இலை வர மூன்று மாதமாயிற்று. இப்போது இரண்டு மொட்டுகள் சுருண்டு நிற்கின்றன. பங்குத் திருநாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஒன்றுதான் அதற்குள் விரியும் என்பது தாயாரின் கணக்கு. இரண்டும் விரியும் என்கிறார் இல்லத்தரசியார்.