சீமைக் கருவேலங்காய்: வெட்டச் சொல்கிறது ஊர், பறிக்கச் சொல்கிறது உலகம்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் வேர் உள்ள குடும்பங்கள் பினாங்கில் ஏராளம். தண்ணீர்மலையில் நகரத்தார் கோயிலைக் கட்டியவர்களே செட்டிநாட்டுக்காரர்கள்தாம். பூர்வீக ஊருக்கு ஒரு முறை போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குலதெய்வக் கோயிலுக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்வது முள்காட்டைப் பற்றித்தான். கண்மாய்க்குள், தரிசில், ரயில் பாதை ஓரத்தில், எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். அங்கே இன்னும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பும் வரும்: "முள்ளு மண்டிக் கிடக்கு, ஜேசிபி விட்டுத் தள்ளணும், பணம் அனுப்புங்க."

இந்த மரத்தின் காயை மாவாக்கி ரொட்டி சுடலாம், பாகு காய்ச்சலாம், காப்பிக்குப் பதிலாகக் குடிக்கலாம் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் உலகின் சில பகுதிகளில் இது அன்றாட நடப்பு. பெரு நாட்டில் இதே இனத்து மரக்காயைக் காய்ச்சி எடுக்கும் கரும்பாகு வீட்டு அடுக்களையில் இருக்கும் பொருள். அர்ஜென்டினாவில் மாவும் ரொட்டியும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், டூசான் நகரில், மக்கள் தாங்களே பறித்த காய்களை மூட்டையாகக் கொண்டுவந்து அரைக்கும் இயந்திரத்தில் கொடுத்து மாவாக வாங்கிப் போகிறார்கள். அந்த மாவில் அப்பம் சுட்டுத் திருவிழாவே நடத்துகிறார்கள். இந்தியாவிலும் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆய்வு நிறுவனம் இந்தக் காயிலிருந்து காப்பி போன்ற பொடி, பிஸ்கட், பாகு எல்லாம் செய்து காட்டியிருக்கிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் ஏன் இது ஆட்டுத் தீனியோடு நின்றுவிட்டது?

மரம் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதி. விறகுப் பஞ்சத்துக்காகப் பிரிட்டிஷ் வனத்துறை ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பா மாவட்டத்தில் ஊன்றியது. அதே 1877-இல்தான் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. அவற்றில் ஒன்பது கோலகங்சார் போய்ச் சேர்ந்தன. பிரேசிலில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் கன்றாகி, கப்பலேறி இங்கே வந்தது. ஒரே ஆண்டில், ஒரே பேரரசின் ஏற்பாட்டில், அமெரிக்கக் கண்டத்து மரங்கள் இரண்டு இரண்டு நாடுகளில் இறங்கியிருக்கின்றன. ஒன்று நம் பாட்டன், பூட்டனைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து பால்மரம் வெட்ட வைத்தது. மற்றொன்று அவர்கள் விட்டு வந்த நிலத்தில் பரவியது.

வந்த மரமெல்லாம் பகையாகிவிடுவதும் இல்லை. தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் நிற்கும் நாகலிங்க மரமும் தென் அமெரிக்காக்காரன்தான். பூவுக்குள் நாகத்தையும் லிங்கத்தையும் கண்டு அதைச் சிவன் கோயிலுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டோம். பெயர் வைப்பதில் தமிழர்கள் கெட்டிக்காரர்கள். சீமைக் கருவேலத்துக்குச் சில ஊர்களில் 'வேலிகாத்தான்' என்று பெயர். வேலியைக் காக்க நட்டதை அந்தப் பெயர் இன்னும் சொல்கிறது. அந்த வேலி பின்னால் வயலுக்குள் நுழைந்துவிட்டது.

நுழைந்த விதம்தான் இங்கே முக்கியம். காய் பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். சதை செரிக்கும், கல் போன்ற விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கும். உரமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் விழுவதால் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

காயை மனிதன் பறித்து அரைத்துவிட்டால் விதையும் சேர்ந்து நொறுங்கிவிடும், பரவுவது குறையும் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் காய் சேகரித்து அரைத்துக் கால்நடைத் தீவனமாக்கிப் பார்த்தார்கள். கென்யாவிலும் முயன்றார்கள். அந்தக் கென்யாவில்தான், 2006 வாக்கில், பாரிங்கோ மக்கள் இந்த மரத்தைக் கொண்டுவந்தவர்கள் மீது வழக்குப் போட்டு, பல் போன ஓர் ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கூட்டிப் போனார்கள். இனிப்புக் காயை ஓயாமல் தின்று பல் கொட்டிவிட்டது என்பது அவர்கள் வாதம். காயில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதற்கு அந்த ஆட்டைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சர்க்கரை இருந்தால் மட்டும் உணவாகிவிடாது. ஒரே காட்டில் ஒரு மரத்துக் காய் இனிக்கும், அடுத்த மரத்துக் காய் கசந்து தொண்டையைப் பிடிக்கும். டூசானில் பறிப்பவர்கள் ஒவ்வொரு மரத்திலும் ஒரு காயைக் கடித்து ருசி பார்த்த பிறகே கூடையில் போடுகிறார்கள். தரையில் விழுந்ததை எடுப்பதில்லை, மழைக்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். ஈரம் பட்ட காயில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுக்கும். நிலக்கடலையிலும் இதே தொல்லை உண்டென்பது நம் மளிகைக் கடைக்காரர்களுக்குத் தெரியும். காயை நொறுங்கும் அளவுக்குக் காயவைக்க வேண்டும், வண்டு அரித்ததை ஒதுக்க வேண்டும். ஆட்டுக்கல்லிலோ வீட்டு மிக்சியிலோ இந்தக் காய் சரியாக அரைபடாது. சுத்தியல் போல் அடித்து நொறுக்கும் இயந்திரம் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் முள் இருக்கிறது. குத்தினால் சீழ் வைக்கும், கையைக் காப்பாற்றிக்கொண்டு பறிக்க வேண்டும்.

ஆக, முடியாத வேலை இல்லை. கூலிக் கணக்குப் பார்க்காமல் தொடங்கக்கூடிய வேலையும் இல்லை.

தமிழ்நாட்டில் அரசும் நீதிமன்றமும் போன வழி வேறு. 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டது. வைகோ தொடுத்த பொதுநல வழக்கும் அதற்குப் பின்னால் இருந்தது. ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. 2017 ஏப்ரலில், அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து இடைக்காலத் தடை வந்தது, பிறகு அது நீங்கியது. 2022-இல் மாநில அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. மரம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேறு செடியை வளரவிடுவதில்லை என்ற விவசாயிகளின் புகாரை யாரும் லேசாகத் தள்ள முடியாது. இதன் அமெரிக்க உறவு மரம் ஒன்றின் வேரை அரிசோனா சுரங்கத்தில் 50 மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த விவாதத்தில் குரல் குறைவாகக் கேட்டது கரிமூட்டத் தொழிலாளிகளுடையது. மழை பொய்த்த ஆண்டுகளில் ராமநாதபுரத்து ஏழைக்குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தது இந்த முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலைதான். பெண்கள் புகையில் நின்று செய்யும் வேலை. அந்த மரத்தை முழுவதும் அகற்றிவிட்டால் அடுத்த நாள் அவர்களுக்கு என்ன வேலை என்பதற்குப் பதில் வேண்டும். காய் அரைக்கும் தொழில் அந்தப் பதிலின் ஒரு பகுதியாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை முதலில் மாட்டுத் தீவனமாகத் தொடங்குவதுதான் நடைமுறை. அதற்குச் சந்தை ஏற்கெனவே இருக்கிறது, மனிதர் உண்ணும் பொருளுக்குக் கேட்கப்படும் அத்தனை சோதனையும் வேண்டியிருக்காது. பூஞ்சைக் கவனம் மட்டும் அங்கேயும் குறையக்கூடாது.

ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். காய்க்கு நல்ல விலை வந்துவிட்டால் மரத்தை யார் வெட்டுவார்கள்? களையை ஒழிக்க வந்த தொழில் களையைப் பயிராக்கிவிடும். நம் நாட்டு பெத்தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்நிய மரம் இல்லை, களையும் இல்லை, ஆனால் காட்டுக்காய்க்கு விலை வந்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டும். பூர்வகுடி மக்கள் காட்டில் உயரமான மரமேறிப் பறித்துக் கொடுப்பதற்கும், பட்டணத்துப் பசாரில் கட்டுக்கு நாம் கொடுப்பதற்கும் இடையே எத்தனை கை மாறுகிறது! முள்ளில் கைவிட்டவருக்கு என்ன கிடைக்கும், மாவைப் பொட்டலம் போட்டவருக்கு என்ன கிடைக்கும் என்பதை முதல் மூட்டை அரைபடும்முன்பே பேசி வைக்க வேண்டும். தோட்டத்தில் நிறுவைக் கொட்டகை முன்னால் பால்வாளியோடு நின்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊரிலிருந்து ஜேசிபி-க்குப் பணம் கேட்டு அழைப்பு வந்தால் இரண்டு விஷயம் விசாரித்துக்கொள்வது நல்லது. அடிக்கட்டையை வேரோடு எடுக்கிறார்களா, மேலே மட்டும் சீவிவிட்டுப் போகிறார்களா? எடுத்த இடத்தில் அடுத்த மழைக்குள் என்ன நடப்போகிறார்கள்? வெறும் நிலமாக விட்டால், ஏற்கெனவே மண்ணில் கிடக்கும் விதைகள் முதல் மழையிலேயே கிளம்பிவிடும். அடுத்த சில ஆண்டுகளில் அதே நிலத்துக்கு அதே அழைப்பு மறுபடியும் வரும்.