படைவீரர் குடும்பங்களும் உளவளத்துணையும்

1983 இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. களத்திலே துப்பாக்கிகள் அடங்கினவேயன்றி, வீடுகளிலே துயரம் அடங்கவில்லை. உயிரிழந்த படைவீரனின் மனைவிக்குக் கொடுப்பனவு உண்டு. காலிழந்தவனுக்குச் செயற்கைக் கால் உண்டு. உறக்கமின்றித் தவிக்கும் உள்ளத்துக்குத் துணை யாது?

மரணித்த, காணாமற்போன, அங்கவீனமுற்ற படையினரினதும் அவர்தம் குடும்பத்தினரினதும் நலன் பேணும்பொருட்டு, 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. நன்முயற்சியே. ஆயினும் அது பாதுகாப்பு அமைச்சின்கீழ் இயங்குவது. கணவனின் குடியையும் கோபத்தையும் பற்றிப் படைத்துறை சார்ந்த ஓர் அலுவலகத்திலே முறையிட எத்தனை பெண்கள் துணிவர்? அவன் பெயரிலேயே குடும்பத்தின் சோறும் மானமும் தங்கியிருக்கையில், வாய்மூடியிருத்தலே அவளுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும்.

காணாமற்போனோர் குடும்பங்களின் நிலை இதனினும் கொடிது. இறந்தவனுக்காக அழுது ஆறலாம். வருவானோ மாட்டானோ என்றிருப்பவனுக்காக அழவும் இயலாது, ஆறவும் இயலாது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு பதிவுசெய்த 16,000 இற்கு மேற்பட்ட காணாமற்போனோருள் 5,000 இற்கு மேற்பட்டோர் பாதுகாப்புப் படையினராவர். 1998 இல் தம் படைவீர மகன் காணாமற்போன பின்னர், விசாகா தர்மதாச அத்தகைய பெற்றோரை ஒன்றுதிரட்டினார். அதனோடமையாது எதிர்த்தரப்புத் தாய்மாரையும் நாடிச் சென்றார். இரு தரப்பிலும் காத்திருப்பின் வேதனை ஒன்றே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். 1983 யூலைத் தீயைக் கண்ட நகரம் இது. அவ்வினாவிலே நியாயமும் உண்டு. இயக்கத்துக்குச் சென்று மீளாத பிள்ளையின் பெயரை உரத்துச் சொல்ல அஞ்சும் தாய்க்கு எந்த அதிகாரசபையும் இல்லை. ஆனால் அதற்குப் பரிகாரம், சிங்களத் தாய்க்குக் கிடைப்பதைக் குறைப்பதன்று. இருவரும் அச்சமின்றி நுழையக்கூடிய ஒரு வாசலைத் திறப்பதே.

அமெரிக்காவிலே வியட்நாம் போரிலிருந்து மீண்டோருக்கென 1979 இல் ஏற்படுத்தப்பட்ட ஆலோசனை நிலையங்கள், வைத்தியசாலைக்குப் புறம்பாகச் சாதாரணத் தெருக்களில் அமைந்தன. 2003 முதல், சேவையில் உயிர்நீத்தோரின் குடும்பத்தினருக்கும் அவை ஆறுதல் அளிக்கலாயின. நம் நாட்டிலோ அதற்கான அடித்தளம் ஏலவே உண்டு. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உளர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவையும் உண்டு. இச்சேவையாளரின் தொகையைப் பெருக்குக; திம்பிரிகஸ்யாயவாயினும் அநுராதபுரமாயினும், வருபவரின் தாய்மொழியிலேயே கேட்போர் அங்கிருத்தல் வேண்டும். வருபவர் எத்தரப்பினர் என்று வினவுதலும், அவர் சொன்னதை வெளியிடுதலும் ஆகாது.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. தந்தையை இழந்த வீட்டின் மௌனத்தை வகுப்பறையிலே முதலிற் காண்பவர் அவரே. அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, உரியவரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்வாராயின், போர் அடுத்த தலைமுறையிலாயினும் முடிவுறும்.