லீவுல மேட்ச் பாருடா தம்பி... எங்கே பாக்கறது?

பாலக்கோடு பக்கம் இருக்கும் சித்தி பையன் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிட்டு வீட்ல சும்மா இருக்கான். "அண்ணா, டிவில உருப்படியா என்ன பாக்கலாம்?"னு போன்ல கேட்டான். பெங்களூர்ல ஆணி புடுங்கிட்டு இருக்கற எனக்கு அட்வைஸ் பண்ண ஆள் கிடைச்சா விடுவேனா?

பெருசுங்களைக் கேட்டிருந்தா டிஸ்கவரி, கல்வித் தொலைக்காட்சின்னு ஆரம்பிச்சிருப்பாங்க. (கல்வித் தொலைக்காட்சி மேல எனக்கு கோபம் எதுவும் இல்லை மக்களே. பன்னெண்டு வருஷம் படிச்ச பையனுக்கு லீவுலயும் பாடமான்னுதான்.) நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: மேட்ச் பாரு. ஹைலைட்ஸ் வேண்டாம், ரீல்ஸ் வேண்டாம், முழு மேட்ச். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் போய் முழித்த எனக்கு ஹர்ஷா போக்ளேதான் இங்கிலீஷ் வாத்தியார். ஃபீஸ் கிடையாது.

அப்புறம் நம்ம நடராஜன் கதை. பக்கத்து சேலம் மாவட்டத்து சின்னப்பம்பட்டிக்காரர். நெட் பவுலரா ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் முதல் ஒருநாள் போட்டி ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். ஹைலைட்ஸில் அந்த 3 பந்துதான் தெரியும். அதுக்காக 24 ஓவருக்கு மேல ஓடி ஓடிப் போட்டது முழு மேட்ச் பாத்தவனுக்குத்தான் தெரியும்.

எல்லாம் கேட்டுட்டு பையன் சொன்னான்: "அண்ணா, எங்க வீட்ல கேபிள்தான். அந்த சேனலெல்லாம் பேக்ல இல்ல. போனும் அப்பாகிட்ட. சாயங்காலம்தான் வரும்."

"தூர்தர்ஷன்ல இந்தியா மேட்ச் போடுவானேடா?"

"அதுல வேற என்னமோ ஓடுது."

இங்கதான் எனக்கு கடுப்பு ஏறுச்சு. காற்றலை பொதுச் சொத்துன்னு 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளை, உரிமை வாங்கின சேனல் பிரசார் பாரதியோடு பகிர்ந்துக்கணும்னு 2007-ல் சட்டமும் வந்தாச்சு. ஆனா 2017 ஆகஸ்ட் 22-ல் அதே கோர்ட், சட்டத்தின் வாசகப்படி அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த ஆன்டெனா ஒளிபரப்புக்கும் அதன் டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்கு இல்லைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. கேபிள்காரர் தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டணும், அதுவும் சட்டம். மேட்ச் நேரத்துல மட்டும் அந்த சேனல்ல மேட்ச் வரக்கூடாது. நல்லா இருக்குல்ல?

கோர்ட்டைக் குத்தம் சொல்லி பிரயோஜனமில்லை. வரியை அப்படி எழுதினது பார்லிமென்ட்.

கோடி கோடியா கொட்டி உரிமை வாங்கினவன் நட்டப்படணுமான்னு சண்டைக்கு வருவீங்க. நியாயம்தான். ஆனா தூர்தர்ஷன்ல விளம்பரமில்லாத சிக்னலை வாங்கிப் போட்டு வர்ற விளம்பர வருமானத்தில் 100-க்கு 75 ரூபாய்க்குக் குறையாமல் உரிமையாளருக்குத் தரணும்னு அதே 2007 சட்டத்தில் இருக்கே! கேபிள் வீடுகளும் சேர்ந்தா அந்த வருமானம் கூடத்தானே செய்யும்? கொஞ்சம் சந்தாக்காரங்க குறையலாம். கையில் காசே இல்லாத ப்ளஸ் டூ பையன் எப்படியும் சந்தா கட்டப்போறதில்லை.

மூன்றாவது பிரிவில் கேபிளையும் சேர்த்து ஒரு வரி. நான் கேக்கறது அவ்வளவுதான். 2018-ல் அமைச்சகமே இதுக்குத் திருத்த வரைவு போட்டு பொதுமக்கள்கிட்ட கருத்தும் கேட்டுச்சு.

லீவுல பாக்கவேண்டிய பத்துன்னு லிஸ்ட் போடற நண்பர்களே, அடுத்த தடவை ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மாசம் எவ்வளவு ஆகும்னும் போடுங்க. நானும் போடாம விட்டவன்தான்.

ஃப்ரீ டிஷ் வாங்கிக்கலாமேங்கறீங்களா? மாசக் கட்டணம் இல்லைதான். ஏற்கெனவே கேபிளுக்குப் பணம் கட்டற வீட்டில், அதே தூர்தர்ஷனுக்கு இன்னொரு டிஷ், இன்னொரு பாக்ஸ். வேற வழியில்லாம அடுத்த வாரம் ஊருக்குப் போறப்ப தர்மபுரியில் ஒண்ணு வாங்கிட்டுப் போறேன். மாடியில ஓட்டை போட சித்தப்பா சம்மதிக்கணும்.