பாண்டா எட்டிய பிஸ்கட்

பிள்ளைகள் ‘குங் ஃபூ பாண்டா’ பார்க்கும்போது நீங்களும் கொஞ்ச நேரம் கூட இருந்து பாருங்கள். 2008இல் வந்த கார்ட்டூன் படம். மிருகங்களே மனிதர் போல வாழும் ஒரு கற்பனைச் சீனா. அங்கே நூடில்ஸ் கடைக்கார வாத்து வளர்த்த பாண்டாக் குட்டிதான் போ. பருத்த உடம்பு, படியேறினாலே மூச்சு வாங்கும்.

அவனைக் குங் ஃபூ வீரனாக்கும் பொறுப்பு ஷிஃபு என்ற ஆசானின் தலையில் விழுகிறது. அவருக்குத் துளியும் விருப்பமில்லை. அடிபட்டால் தானாகவே ஓடிவிடுவான் என்று பார்க்கிறார். போ ஓடவில்லை, வித்தையும் படியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளைச் சொல்லிச் சொல்லி நாமும் எத்தனை நாள் இப்படி விரட்டியிருப்போம்!

போ கவலை வந்தால் சாப்பிடுவான். (நம் வீடுகளிலும் உண்டு. அதற்கும் ஏசுகிறோம்.) ஒருநாள் குசினியில் அவன் தின்றுகொண்டிருக்கும்போது, குரங்கின் பிஸ்கட் மேல் தட்டில் இருப்பதாக ஷிஃபு சொல்கிறார். திரும்பிப் பார்த்தால் போ உச்சியில்! இரண்டு கால்களையும் நேராக விரித்தபடி நிற்கிறான். எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். மற்ற ஐந்து மாணவருக்கும் சொல்லிக்கொடுத்த முறை இவனுக்குச் சரிவராது என்று ஷிஃபு ஒத்துக்கொள்கிறார். அன்றிலிருந்து பயிற்சியே சாப்பாட்டை வைத்துத்தான். முடிவில், அவித்த மாவுருண்டை ஒன்றுக்காகக் குச்சிகளால் ஆசானும் மாணவனும் மோதுகிறார்கள்.

உருண்டை போவின் கைக்கு வருகிறது. பசிக்கவில்லை என்று சொல்லி அதை ஆசானிடமே எறிந்துவிடுகிறான்.